விற்பனைக்கு: வயதான அப்பா

அக்ஸெல் க்ராக் தன் டேப்லெட்டை என் கவுண்டரில் வைத்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது, மனிதர் டிக்கெட் வாங்க வரவில்லை என்று.

"சோல்வை, இதைச் சத்தமாப் படி."

"என் கண்ணாடியை எங்கேயோ..."

"உன் மூக்கு மேலதான் இருக்கு. படி."

படித்தேன். எங்கள் தீவின் இணையதளம்தான். வாங்க-விற்க பக்கம். "வயதான அப்பா விற்பனைக்கு. பல் கிடையாது, பசிக்குக் குறைவில்லை. அமைதியான சுபாவம். வேலி தாண்டும் பழக்கம் இல்லை. சொந்த வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டு போகவும்."

பின்னால் ஃபெரிக் கப்பலுக்குக் காத்திருந்த இரண்டு சைக்கிள்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"கீழ யார் பேரு போட்டிருக்கு?"

"டோர்கில் க்ராக்."

"என் மகன்," என்று அக்ஸெல் அவர்கள் பக்கம் திரும்பி அறிமுகம் செய்தார். "நான்தான் சரக்கு."

எங்கள் டேனிஷ் மொழியில் ஆட்டுக்கும் அப்பாவுக்கும் நடுவே இருப்பது ஒரு குட்டி வளையம் மட்டுமே. நடுவில் வருகிற எழுத்தின் தலையில் வளையம் இருந்தால், å, அது 'ஃபோர்', செம்மறியாடு. வளையம் விழுந்துவிட்டால் வெறும் a, அது 'ஃபார்', அப்பா. லோம்ஹோல்ம் தீவில் ஆடுகள் அறுநூறு, மனிதர்கள் நூற்று நாற்பது. ஆகவே டோர்கில் எதை விற்க நினைத்தான் என்று ஊகிக்க மேதையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அக்ஸெல் ஊகிக்கிற மனநிலையில் இல்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அப்பாவும் மகனும் ஒரே பண்ணையில், எதிரெதிர் கதவுகளில் குடியிருப்பவர்கள். மூன்று வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆட்டுக் கண்காட்சியில் டோர்கிலின் கடாவுக்கு முதல் பரிசு நிச்சயம் என்று எல்லோரும் இருந்தபோது, நடுவர் காதில் விழும்படி அக்ஸெல், "பின்னங்கால் கோணல், கவனிச்சீங்களா?" என்று கேட்டுவைத்தார். நடுவர் கவனித்தார். பரிசு போயிற்று. அன்றிலிருந்து அவர்கள் நாய் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். "மேற்கு வேலி தொறந்து கிடக்குன்னு அவர்கிட்ட சொல்லு" என்று டோர்கில் நாயிடம் சொல்வான். "எனக்குக் கண்ணு இருக்குன்னு அவன்கிட்ட சொல்லு" என்று அக்ஸெல் அதே நாயிடம் சொல்வார். நாய்க்கு வயதாகி, காது கேட்காமல் போய் ஒரு வருடம் ஆகிறது. இருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"இருங்க, அக்ஸெல். என் கம்ப்யூட்டர்ல பாப்போம்," என்றேன்.

இணையதளத்தைக் கவனித்துக்கொள்வது நான்தான். ஃபெரி டிக்கெட் கொடுப்பது சம்பளத்துக்கு. இது, ஊர்க் கூட்டத்தில் மற்றவர்கள் என்னைவிட வேகமாகத் தலையைக் குனிந்துகொண்டதால் வந்த பதவி. பக்கத்தைத் திறந்தேன். 'வயதான ஆடு விற்பனைக்கு.' வளையம் கச்சிதமாகத் தலையில் உட்கார்ந்திருந்தது.

"பாருங்க. ஆடுதான்."

அவர் என் திரையைப் பார்த்தார். தன் டேப்லெட்டைப் பார்த்தார். மறுபடி என் திரையைப் பார்த்தார்.

"அதாவது, உன் பெட்டியில அவன் யோக்கியன். என் பெட்டியில அயோக்கியன்."

"ஏதோ கோளாறு. அதோட, இந்த வார்த்தையப் பாருங்க. 'வயதான'ங்கறதுக்குக் கடைசியில ஒரு எழுத்து கூட இருக்கு. ஆட்டுக்குத்தான் அப்படி எழுதுவோம். அப்பாவா இருந்தா அந்த எழுத்து வராது."

"அவனுக்கு என்னைக்கு இலக்கணம் வந்துச்சு? ஆறாங்கிளாஸ்ல அவன் எழுதின கட்டுரைய வாத்தியார் எனக்கு அனுதாபக் கடிதத்தோட அனுப்பி வெச்சார்."

டோர்கிலும் நானும் ஒரே வகுப்பு. அந்தக் கட்டுரையை நானும் படித்திருக்கிறேன்.

அக்ஸெல் போய்ப் பத்து நிமிடத்தில் டோர்கில் வந்தான். ரப்பர் பூட்ஸோடு, கையில் ஃபோனை ஒரு செத்த எலியைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு.

"காலையிலேர்ந்து பதினோரு ஃபோன், சோல்வை! ஒரு கிழட்டு ஆட்டுக்குப் பதினோரு ஃபோன்! ஜனங்களுக்கு என்ன ஆச்சு?"

"என்ன கேக்குறாங்க?"

"ஒருத்தி குளிக்க வைக்கணுமான்னு கேட்டா. வருஷத்துக்கு ரெண்டு தடவை முக்கி எடுத்தா போதும், தண்ணியில பூச்சிமருந்து கலந்துக்கங்கன்னு சொன்னேன். சத்தமே இல்ல. வெச்சுட்டா."

நான் கவுண்டருக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"இன்னொருத்தர் பிள்ளைங்க உண்டான்னு கேட்டார். போன வசந்தத்துல கூட ரெட்டை போட்டுச்சுன்னேன். அந்த ஆளு அழற அளவுக்குச் சிரிக்கிறார். ஏன் சிரிக்கிறார்? ரெட்டை போடறது சிரிப்பா? மூணாவது ஆளு, ஏன் விக்கிறீங்கன்னார். எத்தனை நாளைக்குத் தீனி போடறது, பல்லு போயிடுச்சு, கறிக்கும் ஆகாது, யாராவது தோட்டத்துல புல்லு மேய விட்டுக்கட்டும்னேன். மனுஷனா நீன்னு என்னைத் திட்டுறார்!"

என் ஃபோனில் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அங்கேயும் வளையம் இல்லை. டோர்கில் படித்தான். காதிலிருந்து கழுத்துவரை சிவந்தான்.

"நான் ஆடுன்னுதானே போட்டேன்! இதை அவர் பாத்துட்டாரா?"

"படிச்சுக் காட்டுன்னு என்னைக் கேட்டார். படிச்சுக் காட்டினேன்."

"உனக்கு வேற வேலை இல்லையா?"

"உண்டு. டிக்கெட் கொடுக்கணும். எங்கேயாவது ஓடிப்போறதா இருந்தா உனக்கும் ஒண்ணு தரேன்."

ஓடவில்லை. தலையில் கைவைத்துக்கொண்டு, அக்ஸெல் சற்று முன் நின்ற அதே இடத்தில் நின்றான். "மூணு வருஷமா பேசல. கிறிஸ்துமஸுக்கு வெண்ணெய் பிஸ்கட் டப்பாவ அவர் வாசல்ல வெச்சேன். எடுத்துக்கிட்டார். சரியாகுதுன்னு நெனச்சேன். இப்ப இது."

நான் ப்ரீபனை ஃபோனில் கூப்பிட்டேன். ப்ரீபன் தீவுச் சங்கத்தின் தலைவர். ஓய்வு பெற்ற வண்டியோட்டும் பயிற்சியாளர். எதிரில் யார் இருந்தாலும் தனக்கு மட்டும் தனியாக ஒரு பிரேக் இருப்பதுபோலவே பேசுவார். ஆறு மாதம் முன்பு இணையதளத்துக்குப் புதிய எழுத்துரு போட்டே ஆகவேண்டும் என்று நின்றவர் அவர்தான். எங்கிருந்தோ இலவசமாகப் பிடித்து வந்திருந்தார். கடல் காற்றில் சாய்ந்த புல் மாதிரி இருக்கிறதாம்.

"ஃபாண்ட்ல ஒரு தப்பும் இல்ல," என்றார் ப்ரீபன். "பிரவுசர் பழசைப் பிடிச்சு வெச்சிருக்கும். சேமிச்சதை எல்லாம் அழி. அணைச்சுட்டு மறுபடி போடு."

அழித்தேன். அணைத்துப் போட்டேன். வேறு பிரவுசரில் பார்த்தேன். ஃபெரி மாலுமியின் ஃபோனில் பார்த்தேன். சைக்கிள்காரர்களில் ஒருத்தி ஜெர்மன்காரி. தன் ஃபோனை நீட்டினாள். அதிலும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அப்பாதான் விற்பனைக்கு நின்றார். என் அலுவலகக் கம்ப்யூட்டரில் மட்டும் ஆடு.

"மத்த விளம்பரங்களைப் பாரு," என்றார் ப்ரீபன். "என் படகு வாடகை விளம்பரம். அதுலயும் அதே எழுத்துதான். வளையம் ஜம்முனு இருக்கு."

உண்மைதான். வளையம் விழுந்திருந்தால் அவர் படகு குளியலாகியிருக்கும், 'ப்ரீபனிடம் குளியல் வாடகைக்கு' என்று. அதைப் பார்க்க நான் நிறையக் கொடுத்திருப்பேன். ஆனால் படகு படகாகவே மிதந்தது. பெருவாத்துக்கும் வளையம் இருந்தது, விலாங்கு மீனுக்கும் இருந்தது. டோர்கிலின் ஆட்டுக்கு மட்டும் இல்லை.

"அப்ப விஷயம் தெளிவு. டோர்கில் வேணும்னேதான் போட்டிருக்கான்," என்று ப்ரீபன் தீர்ப்புச் சொன்னார். மதியத்துக்குள் அதைக் கடையிலும் சொல்லிவிட்டார். கடையில் சொன்னது அக்ஸெல் காதுக்குப் போக இருபது நிமிடம் எடுத்தது. அக்ஸெல் தன் வாசற்கதவை உள்ளே தாழிட்டார். எங்கள் தீவில் கதவைத் தாழிடுவது செத்த வீட்டிலும் நடக்காத காரியம்.

பதினொன்றரை ஃபெரிக்கும் இரண்டு மணி ஃபெரிக்கும் நடுவே எனக்கு வேலை கிடையாது. ரை ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் ஒரு கையில், மௌஸ் மறு கையில். முதலில் என் கம்ப்யூட்டரின் ரகசியம் பிடிபட்டது. ஃபெரி அலுவலகத்துப் பெட்டி என்பதால், வெளியிலிருந்து எழுத்துரு எதையும் இறக்க அதற்கு அனுமதியே இல்லை. கைவசம் இருந்த சாதா எழுத்தை வைத்தே பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அதாவது, 'ஆகா, என்ன அழகு' என்று ஆறு மாதமாக நான் ப்ரீபனிடம் புகழ்ந்துகொண்டிருந்தது என் பெட்டியின் சொந்த முகத்தை. அவருடைய புல்லை அன்று காலைவரை நான் பார்த்ததேயில்லை.

ஆக, கோளாறு அந்த எழுத்துருவில். ஆனால் மற்றவர்களின் வளையங்கள் எப்படித் தப்பின?

எரிச்சலில் டோர்கிலின் விளம்பரத்தைத் திருத்துகிற பக்கத்தில் திறந்தேன். அந்த வார்த்தையையே அடித்துவிட்டு நானே மறுபடி எழுதிவிடலாம் என்று அந்த எழுத்துக்குப் பக்கத்தில் போய் அழிக்கும் விசையை ஒரு முறை தட்டினேன். எழுத்து அழியவில்லை. வளையம் மட்டும் கழன்றது. கீழே a அப்படியே, தொப்பி பறந்த ஆள் மாதிரி நின்றது.

ப்ரீபனின் படகுக்குப் போய் அதையே செய்தேன். எழுத்து முழுசாகக் காணாமல் போயிற்று.

ரொட்டியைக் கீழே வைத்தேன். மீண்டும் செய்தேன். டோர்கிலின் எழுத்து ஒன்று அல்ல, இரண்டு. முதலில் a. பிறகு தனியாக ஒரு வளையம். பார்க்க ஒன்றுபோலத் தெரியும். உள்ளே ஒட்டாமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். க்ராக் வீட்டு ஆட்களைப் போலவே.

டோர்கிலை ஃபோனில் கூப்பிட்டேன். "விளம்பரத்தை நீயா அடிச்சே?"

"ஏன் கேக்குறே?"

"ஏன்னா அதுல எழுத்துப்பிழையே இல்ல."

"ஆடு வளர்ப்போர் சங்கத்தோட பழைய பட்டியல் ஒண்ணு இருந்துச்சு, பிடிஎஃப். அதுலேர்ந்து வெட்டி ஒட்டினேன். 'பல் கிடையாது, பசிக்குக் குறைவில்லை'ன்னு நானா எழுதுவேன்?"

அங்கேதான் சமாச்சாரம். அந்தப் பட்டியலில் எழுத்து இரண்டு துண்டாக இருந்திருக்கிறது. ஒட்டியபோது இரண்டு துண்டாகவே வந்திருக்கிறது. மற்ற எல்லோரும் விசைப்பலகையில் ஒரே தட்டில் அடித்த முழு எழுத்து. அடுத்து ப்ரீபனின் எழுத்துருக் கோப்பைப் பிரித்து உள்ளே இருந்த எழுத்துகளை வரிசையாகப் பார்த்தேன். முழு எழுத்து இருந்தது, அழகாகவே. தனி வளையத்துக்கென்று ஓர் இடமும் இருந்தது. அந்த இடத்தில் ஒன்றும் வரையப்பட்டிருக்கவில்லை. வெற்றிடம்.

இதில் வேடிக்கை, அந்த எழுத்துரு 'என்னிடம் வளையம் இல்லை' என்று ஒப்புக்கொண்டிருந்தால் பிரவுசர் பக்கத்து எழுத்துருவிடம் கடன் வாங்கிப் போட்டிருக்கும். இது 'இருக்கிறது' என்று மார் தட்டிவிட்டு வெறுங்கையை நீட்டியது. அதை யார் தேர்ந்தெடுத்தார் என்று நினைத்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இரண்டு மணி ஃபெரிக்காரர்களை இறக்கிவிட்டதும் என் சொந்த மடிக்கணினியை எடுத்துக்கொண்டு க்ராக் பண்ணைக்குக் கிளம்பினேன். ஃபெரியிலிருந்து இறங்கிய ஒரு அம்மாள் வழி மறித்தார். குட்டையான உருவம், கெட்டியான காலணி, கையில் ஒரு கேக் டப்பா.

"விக்கிறதா போட்டிருந்த அப்பா எங்க இருக்கார்?"

"அது ஆடும்மா. எழுத்துல ஒரு கோளாறு."

"தெரியும். நாப்பது வருஷம் கால்நடை டாக்டரா இருந்தவ நான். வேலி தாண்டாதுன்னு படிச்சதுமே ஆடுன்னு புரிஞ்சுடுச்சு." டப்பாவைக் கை மாற்றினார். "ஆனா ஒருவேளை அப்பாவா இருந்தா இன்னும் நல்லதுன்னு தோணுச்சு. எலினோர் பக்கெ. எழுபத்தொன்பது வயசு. உன் காருல இடம் இருக்கா?"

இருந்தது. அவர் ஏறிக்கொண்டார்.

பண்ணை முற்றத்தில் டோர்கில் தாழிட்ட கதவுக்கு முன் நின்று, காது கேட்காத நாயிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். நான் கதவைத் தட்டினேன். "அக்ஸெல், தொறங்க. சாட்சி கொண்டு வந்திருக்கேன்."

"அவன் இருக்கானா?"

"இருக்கான்."

"அப்ப தொறக்க மாட்டேன்."

எலினோர் என்னைத் தள்ளிவிட்டு கதவருகே வந்தார். "சரக்கைப் பாக்க வந்திருக்கேன். பாக்காம வாங்க முடியாது."

உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம். பிறகு தாழ் விலகியது. அக்ஸெல் தலையை ஈரமாக்கி வாரியிருந்தார்.

சமையலறை மேஜையில் கணினியைத் திறந்தேன். டோர்கில் உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றான். 'வயதான அப்பா விற்பனைக்கு.' பிரவுசரின் உள்விவரங்களைத் திறந்து, எழுத்துரு என்ற இடத்தில் இருந்த குறியை எடுத்தேன். எழுத்துகள் எல்லாம் சட்டென்று சாதாவாகின. வளையம் வந்து a தலையில் உட்கார்ந்தது. 'வயதான ஆடு விற்பனைக்கு.'

"மறுபடி," என்றார் அக்ஸெல்.

குறியைப் போட்டேன். அப்பா. எடுத்தேன். ஆடு.

"மறுபடி."

ஏழெட்டுத் தடவை செய்தேன். அப்பா, ஆடு, அப்பா, ஆடு. ஐந்தாவது தடவை அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சிரிக்கிறார் என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. நிலைப்படியிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. டோர்கில் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"அப்ப அவன் எழுதல," என்றார் அக்ஸெல்.

"எழுதல. வெட்டி ஒட்டினான்."

"நான் உன்னை ஏன்பா விக்கப் போறேன்?" என்றான் டோர்கில். நாயைப் பார்க்கவில்லை, நேராக அவரைப் பார்த்தான். "யார் வாங்குவா?"

"பதினோரு பேரு ஃபோன் பண்ணியிருக்கான்! கடையில சொன்னாங்க. உன் கடாவுக்கு எத்தனை பேரு பண்ணினான்?"

ஒரு கணம் எல்லாம் பழைய இடத்துக்கே போய்விடும் என்று பயந்தேன். எலினோர் கேக் டப்பாவை மேஜையில் வைத்தார். "எந்தக் கடா?"

விஷயத்தைச் சொன்னார்கள், இருவரும் ஒரே நேரத்தில். எலினோர் எழுந்தார். "காட்டுங்க."

மேய்ச்சல் புல்லில் முழங்கால் போட்டு, கடாவின் பின்னங்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, தடவி, மடக்கிப் பார்த்தார். கடா அவரை எதிர்க்கத் துணியவில்லை. நாங்கள் மூவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு தேர்வு முடிவுக்கு நிற்பவர்கள்போல் நின்றோம்.

"கால் கோணல்தான்," என்றார்.

அக்ஸெல் மூச்சை இழுத்து மார்பை நிமிர்த்தினார்.

"ஆனா அதை ஊர் பாக்க நடுவர் காதுல போட்டது கேவலம். சொந்த மகன் வளர்த்த கடா. வீட்டுல சொல்லியிருக்கலாம்."

மார்பு இறங்கியது. அக்ஸெல் வேலிக்கம்பியை விரலால் சுரண்டினார்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்," என்றார் கடைசியில், கம்பியிடம். "இவன் அந்தக் கடாவைச் சீவிச் சீவிக் கொண்டுபோனதைப் பாத்து வாய் வரல. அங்க போய்த்தான் வந்துச்சு. வந்திருக்கக் கூடாது."

டோர்கில் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "காபி போடறேன்," என்றான். அப்பாவின் சமையலறைக்குள்ளேயே போனான். உள்ளேயிருந்து, "சர்க்கரையை எங்கப்பா மாத்தி வெச்சே?" என்று கத்தினான்.

"அதே எடத்துலதான்டா இருக்கு, கபோதி!"

கேக் தேங்காய்த்துருவல் போட்டது. நான்கு பேருமாகத் தீர்த்தோம். எலினோர் பல்லில்லாத அந்த ஆட்டையும் பார்த்துவிட்டு, தன் தோட்டத்துப் புல்லுக்குச் சரியாக இருக்கும் என்று வாங்கிக்கொண்டார்.

அன்று மாலையே டோர்கிலின் எழுத்தை ஒட்டவைத்து முழு எழுத்தாக்கினேன். எழுத்துருவை மாற்ற ப்ரீபன் ஒப்பவில்லை. அவர் வருடாந்தரக் கூட்டத்து அழைப்பைப் பழைய பிடிஎஃப் ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டி, அது வளையம் விழுந்து, 'வருடாந்தர' என்பதற்குப் பதில் அர்த்தமில்லாத உளறலாகத் தீவு முழுக்க ஃபோன்களில் வந்து சேரும்வரை ஒப்பவில்லை. வந்து சேர்ந்த அரைமணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, "நீயே ஏதாவது பாத்துப் போடு," என்றார். என் அலுவலகப் பெட்டியில் இருப்பதையே போட்டேன். தீவில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒருவர் மட்டும் எழுத்து இப்போது கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறதே என்று கேட்டார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை, ஒன்பது மணி ஃபெரிக்கு அக்ஸெல் கவுண்டரில் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. தாடையில் சவரக் கத்தி பட்ட இடத்தில் ஒரு துண்டு காகிதம்.

"அந்த அம்மா வீட்டுல ஆடு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரணும்," என்றார். "பழகாத எடம். தீனி எடுக்குதோ என்னவோ."

"எந்த ஃபெரிக்குத் திரும்புவீங்க? நாலு மணியா, ஏழு மணியா?"

அவர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார்.

"ஆட்டைப் பொறுத்தது," என்றார்.